ஹூஸ்டன் புயல் பருவம்: புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

2017 ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை விடியற்காலை. மேற்கு ஹூஸ்டனில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கால் வைத்தேன். கம்பளம் ஊறிய ரொட்டியைப் போல அமுங்கியது. ஹார்வி புயல் கரையேறி இரண்டு நாள் கடந்திருந்தது. கூரை ஒழுகவில்லை, ஜன்னல் உடையவில்லை. தெருவில் நின்ற தண்ணீர்தான் வாசற்படியைத் தாண்டிச் சத்தமே இல்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் முழங்காலைத் தொட்டுவிட்டது. ஆறு நாள் அப்படியே நின்றது.

காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடிக்க நான்கு மணி நேரம் ஆனது. எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணீர் மேலேயிருந்து வந்ததா, தரை வழியாக வந்ததா?" தரை வழியாக என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது. மாதம் தவறாமல் கட்டிவந்த வீட்டுக் காப்பீடு, காற்றில் கூரை பிய்ந்து மழை உள்ளே கொட்டினால் பணம் தரும். மரம் விழுந்தால் தரும். வெள்ளத்துக்கு ஒரு டாலர்கூடத் தராது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

அந்த வீட்டில் மறுபடி குடியேற எங்களுக்கு ஏழு மாதமும் 71,000 டாலரும் ஆயின. அப்போது பட்டதையும், 2024 ஜூலையில் பெரில் புயலின்போது கற்றதையும் சேர்த்து இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். கேட்டி, சுகர்லேண்ட், பியர்லேண்ட் பக்கம் புதிதாக வந்திருப்பவர்கள் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட், செப்டம்பர்தான் உச்சம். வேலையைத் தொடங்க வேண்டியது ஏப்ரலில்.

1. வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

செலவு இல்லை, அரை மணி நேர வேலை. ஃபீமா என்கிற மத்தியப் பேரிடர் அமைப்பின் வெள்ள வரைபடத் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் மண்டலம் தெரியும். 'ஏ' அல்லது 'ஏஇ' என்று வந்தால் எந்த ஆண்டிலும் வெள்ளம் வர 1 விழுக்காடு வாய்ப்பு என்று பொருள். கேட்கச் சிறிதாகத்தான் இருக்கும். 30 ஆண்டு வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு. இந்த மண்டலத்தில் வங்கிக் கடனில் வீடு வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம்.

'எக்ஸ்' மண்டலம், அதாவது அபாயம் குறைந்த பகுதி, என்று வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். நாங்கள் விட்டோம். வீடு வாங்கித் தந்த முகவரும் "எக்ஸ் மண்டலம், வெள்ளக் காப்பீடு வீண் செலவு" என்றார். ஹார்வியின்போது, ஹூஸ்டனின் பெரும்பகுதி அடங்கிய ஹாரிஸ் கவுன்ட்டியில், அதாவது மாவட்டத்தில், தண்ணீர் புகுந்த ஏறத்தாழ 1,54,000 வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, வரைபடத்தின் '100 ஆண்டு வெள்ளப் பகுதி'க்கு, அதாவது மேலே சொன்ன 1 விழுக்காடு மண்டலங்களுக்கு, வெளியே இருந்தவை.

மேற்கே வீடு பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. சாதாரண நாளில் அவை பூங்கா. குழந்தைகள் பந்து விளையாடுவார்கள். பெருமழையில் அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறி, சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குள் வந்துவிடும். ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டியில் சில மனைப்பிரிவுகளின் வரைபட ஓரத்தில், ராணுவப் பொறியாளர் பிரிவு தேக்கும் நீரில் இந்த இடம் மூழ்கக்கூடும் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். எங்கள் வரைபடத்திலும் இருந்தது. எறும்பு அளவு எழுத்து. வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் அதைப் படித்தேன். பதிவு செய்யப்பட்ட மனை வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் இருப்பதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வாடகைக்கு வருபவர்கள்: டெக்சாஸில் 2022 ஜனவரி 1 முதல், வீடு 100 ஆண்டு வெள்ளப் பகுதியில் இருக்கிறதா, கடந்த ஐந்து ஆண்டில் வெள்ளம் புகுந்ததா என்று வீட்டு உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தத் தாள் வராவிட்டால் கேளுங்கள். இரண்டாவது மாடியில் அடுக்ககம் எடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதி உங்கள் கார்.

2. வெள்ளக் காப்பீடு: 30 நாள் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் இன்று பணம் கட்டினால், பொதுவாக 30 நாள் கழித்துத்தான் பாதுகாப்பு தொடங்கும். வீடு வாங்கும்போது கடனோடு சேர்த்து எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. மெக்சிகோ வளைகுடாவில் புயல் சுழலும்போது முகவரை அழைப்பதில் பயனில்லை. அந்த நேரத்தில் பல நிறுவனங்கள் சாதாரண வீட்டு, கார் காப்பீட்டைக்கூடப் புதிதாக எழுதுவதை நிறுத்திவிடும். ஏப்ரல் கடைசிக்குள் பணம் கட்டிவிட்டால் ஜூன் 1 அன்று நிம்மதியாகத் தூங்கலாம்.

வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர். இவை தனித்தனிப் பாதுகாப்புகள். வீட்டுக்கு மட்டும் எடுத்துவிட்டு சோபா, கட்டில், துணிமணிக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். டிடக்டிபிள், அதாவது முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை, இரண்டுக்கும் தனித்தனியாகக் கழியும். வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்; நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தராதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வீடு பழுதாகிக் கிடக்கும்போது வெளியே தங்கும் வாடகையைத் தராது. பழைய சோபாவுக்குப் பழைய சோபாவின் மதிப்பைத்தான் தரும், புதியதன் விலையை அல்ல. வேலி, நீச்சல் குளம் கிடையாது. நகை, கலைப் பொருள்கள் எல்லாம் சேர்த்து 2,500 டாலர் வரைதான். நம் வீடுகளில் ஒரு ஆரமே அதைத் தாண்டிவிடும் என்பதால், நகையை இந்தக் காப்பீட்டை நம்பிக் கீழ்த்தளப் பீரோவில் வைக்காதீர்கள்.

எங்களுடைய இப்போதைய பிரீமியம் ஆண்டுக்கு 700 டாலருக்குச் சற்றுக் கீழே. வீட்டுக்கு வீடு இது மாறும். தனியார் நிறுவனங்களிடமும் விலை கேட்டு ஒப்பிடலாம்.

கூடவே இரண்டு தாள்களை எடுத்துப் பாருங்கள். வீட்டுக் காப்பீட்டில் காற்றுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் உள்ள டிடக்டிபிள் பெரும்பாலும் விழுக்காட்டில் இருக்கும். 4,00,000 டாலர் வீட்டுக்கு 2 விழுக்காடு என்றால், கூரை போனால் முதல் 8,000 டாலர் உங்களுடையது. கார் காப்பீட்டில் 'காம்ப்ரிஹென்சிவ்' பகுதி இருந்தால்தான் வெள்ளத்தில் மூழ்கிய காருக்குப் பணம் வரும். மாதம் சில டாலர் மிச்சம் பிடிக்க அதை நீக்கியிருப்பீர்கள், மறுபடி சேருங்கள்.

3. காகிதங்கள்

ஊரில் ரேஷன் அட்டை நனைந்துவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்தால் முடியும். இங்கே நனைவது நம் குடியேற்றத் தாள்கள். கடவுச்சீட்டுகள், விசா பக்கம், ஐ-797 ஒப்புதல் தாள், மாணவர்களுக்கு ஐ-20, வேலை அனுமதி அட்டை, கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், எல்லாக் காப்பீடுகளின் முகப்புத் தாள்: இவற்றின் அசல்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பையில் வைத்து, மேல் தட்டில் ஏற்றுங்கள். ஐ-94 ஆவணத்தை மட்டும் எப்போது வேண்டுமானாலும் அரசுத் தளத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஐ-797 போனால் மாற்றுப் பிரதி வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குக் கட்டணமும் உண்டு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் தம்பிக்கோ அக்காவுக்கோ ஒரு பிரதி போகட்டும்.

பிறகு கைபேசியில் வீடியோ. ஒவ்வோர் அறையாக நடந்து, அலமாரியைத் திறந்து, சமையலறை இழுப்பறைகளை இழுத்து, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம் இவற்றின் வரிசை எண் தகட்டைப் பக்கத்தில் காட்டிப் படம் பிடியுங்கள். இருபது நிமிடம்தான் ஆகும். எங்களிடம் இந்த வீடியோ இருக்கவில்லை. வெட் கிரைண்டர் இருந்ததற்குச் சான்றாகக் குழந்தையின் பிறந்தநாள் படத்தின் ஓரத்தில் அது தெரிந்ததைத்தான் காட்டினேன். அது என்ன எந்திரம் என்று ஃபீமா அலுவலருக்கு விளக்கப் பத்து நிமிடம் ஆனது தனிக்கதை.

4. வாங்கி வைக்க வேண்டியவை

ஏப்ரல் கடைசி வார இறுதியில் டெக்சாஸ் அரசு பேரிடர்ப் பொருள்களுக்கு விற்பனை வரியை நீக்குகிறது. 3,000 டாலருக்குக் குறைவான ஜெனரேட்டர், 75 டாலருக்குக் குறைவான பேட்டரி, டார்ச், ஐஸ் பெட்டி போன்றவை இதில் வரும். இங்கே வரி 8.25 விழுக்காடு என்பதால் ஜெனரேட்டர் வாங்குபவர்களுக்கு நல்ல மிச்சம்.

தண்ணீர், ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன், ஏழு நாளுக்கு. புயலுக்கு முந்தைய இரவு குளியல் தொட்டியையும் நிரப்புங்கள், கழிப்பறைக்கு ஆகும். சமைக்காமல் சாப்பிடும் உணவில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை: அவல், பொரி, வறுத்த கடலை, பருப்புப் பொடி, பால் பவுடர். அவலும் வெல்லமும் இருந்தால் இரண்டு நாளை ஓட்டிவிடலாம். கார் டேங்க் நிறைந்திருக்கட்டும், கையில் கொஞ்சம் சில்லறை நோட்டும். மின்சாரம் இல்லாதபோது அட்டை தேய்க்கும் எந்திரமும் இல்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களுடைய மாத்திரைகள் தனி அக்கறை. இந்திய மருந்துச் சீட்டை வைத்து இங்கே மருந்து வாங்க முடியாது. திரும்பும் தேதிக்கு மேல் ஒரு மாத மருந்து கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்சுலினுக்கு ஐஸ் பெட்டி வேண்டும். ஆக்சிஜன், சக்கர நாற்காலி என்று உதவி தேவைப்படுபவர் வீட்டில் இருந்தால் 211ஐ அழைத்து மாநிலத்தின் அவசர உதவிப் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம். பதிவு செய்தால் வண்டி வரும் என்ற உறுதி இல்லை, ஆனாலும் செய்து வையுங்கள்.

5. புயல் வரும் வாரம்: இருப்பதா, கிளம்புவதா

மியாமியில் இருக்கும் தேசியப் புயல் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை தரும். நம் நேரப்படி அதிகாலை 4, காலை 10, மாலை 4, இரவு 10. அதை மட்டும் பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் வரைபடங்களில் பாதி போன ஆண்டு புயலுடையவை. வரைபடத்தில் விசிறிபோல் விரியும் கூம்பு, புயலின் மையம் எங்கே போகலாம் என்பதைத்தான் காட்டும். கூம்புக்கு வெளியே இருந்தால் மழை வராது என்று பொருள் இல்லை. வகை 1, வகை 4 என்பதும் காற்றின் கணக்குதான், மழையைச் சொல்லாது. ஹார்வியில் ஹூஸ்டனை மூழ்கடித்தது காற்றல்ல, நாள்கணக்கில் நகராமல் நின்று பெய்த மழை.

வெளியேறுவதற்கு இங்கே அஞ்சல் குறியீட்டை வைத்துக் கடலோரம், ஏ, பி, சி என்று பகுதி பிரித்திருக்கிறார்கள் (இந்த 'ஏ' வேறு, வெள்ள வரைபடத்தின் 'ஏ' மண்டலம் வேறு). கால்வெஸ்டன் பக்கமோ அந்தப் பகுதிகளிலோ இருந்தால், சொன்னவுடன் கிளம்புங்கள். கேட்டியும் சுகர்லேண்டும் அவற்றில் இல்லை. இந்தப் பகுதிகளுக்கு வெளியே இருப்பவர்கள் பதற்றத்தில் காரை எடுத்து நெடுஞ்சாலையில் ஏறுவதுதான் ஆபத்து. 2005இல் ரீட்டா புயலுக்குப் பயந்து இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்பியதில், சாலையிலேயே வெயிலிலும் விபத்திலும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள் என்பதுதான் இங்குள்ள அதிகாரிகள் சொல்லும் பாடம்.

வீட்டிலேயே இருப்பதென்றால் முந்தைய நாள் காரை உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். பலமாடி வாகன நிறுத்தம் என்றால் இரண்டாம் தளத்துக்கு மேல். ஓர் அடி ஓடும் தண்ணீர் சிறிய காரைத் தூக்கிவிடும். ஹாரிஸ் கவுன்ட்டியின் வெள்ள எச்சரிக்கைத் தளத்தில் உங்களுக்கு அருகிலுள்ள பயூ, அதாவது ஓடை, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நேரலையில் பார்க்கலாம். தண்ணீர் வாசலை நெருங்கும்போது, தரை இன்னும் காய்ந்திருந்தால் மட்டும், மெயின் பிரேக்கரை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடாதீர்கள். மேலும் ஏறினால் மாடிக்கோ கூரைக்கோ போங்கள். வெளியேற வழியில்லாத பரணுக்குள் ஏறிச் சிக்கிக்கொள்ளக் கூடாது.

6. மின்சாரம் போன வீடு

2024 ஜூலை 8 காலை பெரில் வந்தது. வகை 1தான், ஹூஸ்டன் பக்கம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. எங்களுக்கு மின்சாரம் ஆறாம் நாள்தான் திரும்பி வந்தது. புயல் பத்து மணி நேரம், வெக்கை ஆறு நாள்.

திறக்காத குளிர்சாதனப் பெட்டி நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி, பாதி நிறைந்தது 24. மின்சாரம் போன அன்று மதியமே மாவுச் சட்டி பொங்கி, மூடியைத் தள்ளி, கீழ்த்தட்டு வரை வழிந்திருந்தது. இருந்த மாவை எல்லாம் அன்றைக்கே தீக்குச்சியால் காஸ் அடுப்பைப் பற்றவைத்து இட்லியாக ஊற்றித் தெருவுக்குக் கொடுத்தோம். எதிர்வீட்டு டெக்சாஸ்காரர் இன்றைக்கும் விசாரிக்கிறார்.

ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெளியே, ஜன்னலுக்கு எதிர்ப்புறமாகப் புகை போகும்படி வையுங்கள். காரேஜுக்குள் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பது உயிரைக் குடிக்கும் தப்புக்கணக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. பேட்டரியில் ஓடும் அதற்கான அலாரம் 25 டாலருக்குக் கிடைக்கும். ஜெனரேட்டரைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுக்க மின்சாரம் கொடுக்கும் குறுக்குவழியை யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள். வெளியே கம்பியில் வேலை செய்பவரின் மேல் அது பாயும்.

7. தண்ணீர் வடிந்த பிறகு முதல் இரண்டு நாள்

பூஞ்சை 24 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கும். அதனால் காப்பீட்டு அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடுபவர், வரும்வரை எதையும் தொடாமல் காத்திருப்பது பெரிய தவறு. எடுத்துப்போட்டுச் சுத்தம் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ஆனால் முதலில் படம். ஒவ்வொரு சுவரிலும் தண்ணீர் நின்ற கோட்டைப் பக்கத்தில் அளவு நாடாவோடு எடுங்கள். எறியும் கம்பளத்திலும் தரைப் பலகையிலும் ஒரு கை அகலத் துண்டை வெட்டி, பெயர் எழுதி வையுங்கள்.

இங்கே சுவர் செங்கல்லும் சிமெண்டும் அல்ல. உள்ளே மரச் சட்டம், அதன் மேல் ஜிப்சம் பலகை, நடுவே இன்சுலேஷன் பஞ்சு. ஊரில் வெள்ளம் வடிந்தால் சுவரைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். இந்தச் சுவர் திரிபோலத் தண்ணீரை மேலே இழுக்கும். எங்கள் வீட்டில் கோடு 19 அங்குலத்தில் நின்றது. உள்ளே பஞ்சு மூன்று அடி வரை சொட்டியது. வெளியே பார்த்தால் வண்ணம்கூட உரியவில்லை. பொதுவாக நான்கு அடி உயரத்துக்கு வெட்டி எடுப்பார்கள். பலகையின் அகலமும் நான்கு அடிதான் என்பதால் பின்னால் பொருத்துவதும் எளிது. கையுறை, என்-95 முகக்கவசம், தடித்த காலணி இல்லாமல் இறங்காதீர்கள். ப்ளீச்சை வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடும் கலக்காதீர்கள்.

ஆள் வைத்து வெட்டினால் அப்போது 4,000 டாலருக்கு மேல் கேட்டார்கள். தமிழ் நண்பர்கள் ஒன்பது பேரும் எதிர்த்தெரு தேவாலயத்துத் தொண்டர்களும் சேர்ந்து ஒரே நாளில் முடித்தார்கள். கூச்சப்படாமல் உதவி கேளுங்கள்.

குப்பையைத் தெருவோரத்தில் தனித்தனிக் குவியலாகப் போடுங்கள்: சுவர்ப் பலகை, மரக்கிளை, பெரிய எந்திரங்கள், மின்னணுப் பொருள், வண்ணம் மற்றும் ரசாயனம். கலந்து கிடந்தால் லாரி எடுக்காமல் போய்விடும்.

வாடகை வீட்டுக்காரர்கள்: குடியிருக்கவே முடியாத அளவுக்கு வீடு பாழாகிவிட்டால், டெக்சாஸ் சட்டப்படி பழுதுவேலை முடிவதற்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். வாய்ப்பேச்சு செல்லாது. வாடகையைக் கட்டாமல் நிறுத்துவதும் உங்களுக்கே பாதகமாக முடியும்.

8. பணம் கேட்பது

வெள்ளக் காப்பீடு இருந்தால் அன்றே அழைத்துப் பதிவு எண் வாங்குங்கள். முன்பணமும் கேட்கலாம். அட்ஜஸ்டர் வந்து அளந்து போவதோடு முடியாது. இழப்பு உறுதிமொழித் தாளை நீங்கள் கையெழுத்திட்டு, இழப்பு நடந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அட்ஜஸ்டர் அனுப்புவார் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. பொறுப்பு உங்களுடையது. வீட்டுக் கடன் இருந்தால் காசோலை வங்கியின் பெயரையும் சேர்த்து வரும். வங்கி அதைக் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கும். இதற்கு ஒரு மாதம் தாமதத்தைக் கணக்கில் வையுங்கள்.

அடுத்து ஃபீமா. உங்கள் கவுன்ட்டி பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்டால், பொதுவாக 60 நாளுக்குள் இணையத்திலோ 800-621-3362 என்ற எண்ணிலோ விண்ணப்பிக்கலாம். இது கடன் அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை. நம்மவர்கள் சிக்குவது தகுதி விதியில். ஹார்வியின்போதும் பெரிலின்போதும் இருந்த விதிப்படி குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்போர், அகதிகள் போன்றோருக்குத்தான் இந்தப் பணம். எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை. நான் எச்-1பியில் இருந்தேன். படிவத்தில் உண்மையைச் சொன்னேன். நிராகரிப்புக் கடிதம் வந்தது. அத்தோடு விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத்தான், இங்கே பிறந்த என் மகளின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம் என்று உதவி மையத்தில் ஒரு பெண்மணி சொன்னார். வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள 18 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் போதும்; குழந்தையின் சமூகப் பாதுகாப்பு எண்ணும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தைதான் எங்கள் வீட்டின் விண்ணப்பதாரர். 11,000 டாலருக்குச் சற்று அதிகமாகக் கிடைத்தது. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியை உதவி மையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். குடிமகன் என்று பொய்யாகக் குறியிடுவது மட்டும் கூடவே கூடாது. விசா, கிரீன் கார்டு எல்லாவற்றையும் அது குலைத்துவிடும். தங்குமிடம், உணவு, தண்ணீர் போன்ற அவசர உதவிக்கு விசா நிலையை யாரும் கேட்பதில்லை, தயங்காமல் போங்கள்.

'தகுதியில்லை' என்று கடிதம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதமோ முகவரிச் சான்றோ இல்லாததற்கும் அதே சொல்லைத்தான் எழுதுவார்கள். கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

9. கான்ட்ராக்டர்கள்

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் வெளிமாநில வண்டிகள் தெருவில் சுற்றத் தொடங்கும். டெக்சாஸில் பொது வீட்டுப் பழுதுவேலைக்கு மாநில உரிமம் என்று ஒன்றே இல்லை. ஆனால் மின்பணி, குழாய்ப்பணி, ஏசி ஆகிய மூன்றுக்கும் உண்டு; அந்த எண்ணை வாங்கி மாநிலத் தளத்தில் சரிபாருங்கள். 25 சதுர அடிக்கு மேல் தொடர்ச்சியாகப் பரவிய பூஞ்சையை அகற்றுவதைத் தொழிலாகச் செய்பவருக்கும் உரிமம் வேண்டும். பூஞ்சை இருக்கிறது என்று சான்று தருபவரே அகற்றும் வேலையையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம்.

"டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் அது குற்றம். பாதிப்பணம் முன்னால் கேட்பவரிடமும் எச்சரிக்கை. முன்பணமாக 6,000 டாலர் வாங்கிய ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. வேலை முடிந்த அளவுக்கே பணம், காசோலையாக, எழுதிய ஒப்பந்தத்தோடு.

வெள்ளப் பகுதிக்குள் இருக்கும் வீடென்றால் வேலைக்கு முன் நகராட்சி அனுமதி வாங்க வேண்டும். பழுதுச் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால், வீட்டையே உயர்த்திக் கட்டச் சொல்லுவார்கள். வெள்ளக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு அதற்கென 30,000 டாலர் வரை தனியாக உண்டு, கேட்டால்தான் சொல்லுவார்கள்.

10. சுவரை மூடும் நாள்

பலகையை வெட்டிய பின் மரச் சட்டங்கள் காய வேண்டும். பெரிய மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் எந்திரமும் வாடகைக்கு எடுத்து இரவும் பகலும் ஓடவிடுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஹூஸ்டன் காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்துக் காயவைக்கலாம் என்பது கனவு. 35 டாலருக்கு ஈரம் அளக்கும் கருவி ஒன்று கிடைக்கும், இரண்டு ஊசிகளோடு. அதை மரத்தில் குத்தினால் ஈரம் எத்தனை விழுக்காடு என்று எண் காட்டும். 15க்குக் கீழே வரும்வரை மூடவிடாதீர்கள். மூன்று இடத்தில் குத்தி, எண்ணோடு படம் எடுத்து வையுங்கள்; நாளை வீட்டை விற்கும்போது, வெள்ளம் வந்ததைச் சட்டப்படி எழுதித் தர வேண்டியிருக்கும், இந்தப் படங்கள் அப்போது கைகொடுக்கும்.

எங்கள் வீட்டில் மற்ற எல்லாச் சுவரும் காய்ந்த பிறகும், படுக்கையறையின் வடக்குச் சுவர் மட்டும் 22இலேயே நின்றது. பலகை அடிப்பவர் தினமும் அழைத்தார். வேறு வேலை காத்திருக்கிறது என்றார், 22 ஒன்றும் மோசமில்லை என்றார். அவரைப் போகச் சொல்லிவிட்டேன். மேலும் 18 நாள் அந்தச் சுவர் எலும்புக்கூடாக நின்றது. 14 காட்டிய அன்று மாலை வேறொருவரைக் கொண்டு மூடினோம். இப்போது அதன் முன்னால்தான் துணி பீரோ நிற்கிறது, சுவரை ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி.